புகைக்குள் மறைந்த பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் நகருக்குப் புறத்தே வாழும் என் தமக்கையின் மகன் வீட்டில் ஒரு மாத காலம் தங்கியிருந்தேன். நான் போய்ச் சேர்ந்த மறுநாள் அதிகாலை நான்கு மணியளவில் உறக்கம் கலைந்துவிட்டது. பின்வளவில் வெளிச்சம் தெரிந்தது. கதவைத் திறந்து பார்த்தபோது, மருமகன் கரிய இரும்புப் பீப்பாய் ஒன்றின் அருகே குந்தியிருந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தான்.

"என்ன தம்பி, விடியமுன்னம் இது?" என்று கேட்டேன்.

"பின்னேரச் சாப்பாட்டுக்கு இப்பவே தொடங்கினால்தான் சரிவரும் மாமா. நீங்கள் போய்ப் படுங்கோ" என்றான்.

நான் படுக்கப் போகவில்லை. அந்தப் புகையின் மணம் என்னை அறுபது ஆண்டுகள் பின்னோக்கி இழுத்துச் சென்றுவிட்டது. யாழ்ப்பாணத்தில் என் பாட்டனார் புகையிலை பயிரிட்டவர். வாட்டிய இலைகளைக் குடிலுக்குள் தொங்கவிட்டு, பொச்சுமட்டையும் ஊமலும் இட்டுப் புகையூட்டுவார்கள். தீ சுவாலை விட்டு எழக்கூடாது, அணையவும் கூடாது. இரவு முழுவதும் ஒருவர் காவலிருப்பார். அவ்வாறு பதப்படுத்திய புகையிலைதான் திருவிதாங்கூருக்குத் தோணியேறிப் போய் யாழ்ப்பாணத்துக்குப் பணம் கொண்டுவந்தது. குடிலுக்குள் இரவிரவாகக் கண் எரிய இருந்த கூலியாளின் பெயர் எனக்கு இப்போது நினைவில் இல்லை. பாட்டனாரின் பெயரை மட்டும் ஊரே சொல்லும்.

பார்பிகியூ என்ற உணவின் வரலாறும் இதைப் போன்றதுதான். அவ்வரலாற்றை இங்கு எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதைக் கட்டுரையின் முடிவில் சொல்கிறேன்.

இரும்புப் பீப்பாயின் இயக்கம்

மருமகனிடம் இருந்த சாதனத்தை ஆங்கிலத்தில் 'ஆஃப்செட் ஸ்மோக்கர்' என்பர். கிடையாகக் கிடக்கும் நீண்ட இரும்பு உருளை ஒன்று, அதுதான் சமையலறை. அதன் ஒரு முனையில், சற்றுத் தாழ்வாக, தீப்பெட்டி எனப்படும் சிறிய அறை ஒட்டப்பட்டிருக்கும். மறுமுனையில் புகைபோக்கி. விறகு எரிவது தீப்பெட்டியில். இறைச்சி இருப்பது உருளையில். நெருப்பு இறைச்சியின் அடியில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது என்பதே இதன் தனித்தன்மை. புகைபோக்கி வழியே சூடான காற்று மேலெழும்போது, தீப்பெட்டியிலிருந்து வெப்பமும் புகையும் இழுபட்டு வந்து இறைச்சியைத் தழுவிச் செல்கின்றன. காற்று புகும் வாயிலைச் சிறிது திறப்பதும் மூடுவதுமே சமையற்காரனின் கைவசமுள்ள கட்டுப்பாடு.

உருளையின் வெப்பம் ஏறத்தாழ 107 முதல் 135 பாகை செல்சியசுக்குள் நிற்க வேண்டும். அரை மணிக்கொரு தடவையோ முக்கால் மணிக்கொரு தடவையோ ஒரு விறகு இட வேண்டும். விறகு நன்கு உலர்ந்திராவிட்டால் தடித்த வெண்புகை எழும். அது இறைச்சியைக் கைக்கச் செய்துவிடும். தெளிவான தீயிலிருந்து வரும் மெல்லிய நீலப் புகையே வேண்டற்பாலது.

டெக்சாசின் நடுப்பகுதியில் ஓக் மர வகையொன்றை எரிப்பர். மேற்கே மெஸ்கீட் மரத்தை எரிப்பர். இந்த மெஸ்கீட், தமிழகத்தில் சீமைக் கருவேலம் என்றும், நம் மன்னார்ப் பகுதியிலும் பரவிக் கிடப்பதுமான மரத்தின் நெருங்கிய உறவு.

டெக்சாசில் இதில் சமைக்கும் தலையாய இறைச்சி மாட்டின் மார்புத் தசை. உடற்பாரத்தைச் சுமக்கும் தசையாதலால் அது மிகக் கடினமானது; முன்பு மலிவாகக் கிடைத்தது. மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் கிடக்கும்போது அதிலுள்ள கொலாஜன் என்னும் நார்ப்பொருள் இளகிக் கூழ்மமாகிறது. இறைச்சியின் உட்சூடு 65 அல்லது 70 பாகையை அடைந்ததும் பல மணி நேரம் அங்கேயே நின்றுவிடும். வியர்வை நம் உடலைக் குளிர்விப்பது போல, இறைச்சியின் ஈரம் ஆவியாகி அதைக் குளிர்விப்பதே காரணம். அனுபவமற்றவர்கள் அவ்வேளையில் பொறுமையிழந்து தீயைக் கூட்டிக் கெடுத்துவிடுவர். பொறுத்திருந்தால் சூடு மீண்டும் ஏறி 95 பாகையளவில் பதம் கூடும். இதற்குப் பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். எனக்கு மாட்டிறைச்சி ஆகாது என்பதால் மருமகன் அன்று ஆட்டுத் தொடையை வைத்திருந்தான்.

சொல் பிறந்த இடம்

'பார்பிகியூ' என்ற சொல் ஆங்கிலேயருடையதன்று. கரிபியன் தீவுகளின் ஆதிக்குடிகளான தைனோ மக்களின் 'பார்பகோவா' என்ற சொல்லை ஸ்பானியர் எடுத்துக்கொண்டனர். கம்புகளால் கட்டிய உயர்ந்த பரண் என்பது அதன் பொருள். அந்தப் பரணில் மக்கள் உறங்கினர், தானியம் வைத்தனர், அடியில் மெல்லிய தீ மூட்டி மீனையும் இறைச்சியையும் வாட்டினர். ஸ்பானிய வரலாற்றாசிரியரான ஒவியேடோ 16ஆம் நூற்றாண்டிலேயே இச்சொல்லைத் தம் நூலில் பதிந்துவிட்டார். சொல்லைத் தந்த தைனோ மக்களோ ஸ்பானியர் வந்த சில பத்தாண்டுகளுக்குள் நோயாலும் கொடிய உழைப்பாலும் பெருமளவில் அழிந்துபோயினர்.

1755இல் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் புகழ்பெற்ற ஆங்கில அகராதி, முழுப் பன்றியைப் பிளந்து கரிநெருப்புக்கு இரண்டடி உயரத்தில் வைத்து வாட்டுவதைக் குறிக்கும் மேற்கிந்தியச் சொல் என்று இதற்கு விளக்கம் தருகிறது.

எருதின் எடை

அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில், குறிப்பாக வேர்ஜீனியாவில், 18ஆம் நூற்றாண்டில் பார்பிகியூ பெருங்கூட்டங்களின் உணவாயிற்று. ஜோர்ஜ் வாஷிங்டன் 1769இல் அலெக்சாந்திரியாவில் ஒரு பார்பிகியூவுக்குச் சென்று இரவும் அங்கே தங்கியதைத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1793 செப்டெம்பர் 18ஆம் திகதி, அமெரிக்கப் பாராளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலுக்கு அவர் அடிக்கல் நாட்டியபோது, வந்திருந்தோருக்கு 500 இறாத்தல் எடையுள்ள எருது ஒன்று வாட்டிப் பரிமாறப்பட்டது.

பத்திரிகைக்காரன் என்ற முறையில் இச்செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எருதின் எடையை எழுதியவருக்கு அதைச் சமைத்தவரின் பெயரை எழுதத் தோன்றவில்லை.

அக்காலத்து முறை இலகுவானதன்று. மண்ணில் நீண்ட அகழி வெட்ட வேண்டும். வைர மரங்களைத் தறித்து எரித்துத் தணலாக்க வேண்டும். அகழியின் குறுக்கே பச்சைக் கம்புகளைப் பரப்பி, அதன்மேல் இறைச்சியை வைத்து இரவு முழுவதும் புரட்ட வேண்டும். தென் மாநிலங்களில் வெள்ளை முதலாளிமாரின் விருந்துகளுக்கு இவ்வேலைகளைச் செய்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பினத்தவரே.

அவர்களுள் ஒருவரின் சாட்சியம் நமக்குக் கிடைத்திருக்கிறது. 1936 முதல் 1938 வரை, முன்னாள் அடிமைகளாக அப்போது உயிரோடிருந்தோரை அமெரிக்க அரசின் எழுத்தாளர் திட்டத்தினர் செவ்வி கண்டு பதிந்தனர். தென் கரோலினாவைச் சேர்ந்த வெஸ்லி ஜோன்ஸ் என்ற முதியவர் தாம் பார்பிகியூ சமைத்த இரவுகளை அதில் விவரித்திருக்கிறார். கோலின் நுனியில் துணியைச் சுற்றி, வினாகிரி, மிளகு, மிளகாய், உப்பு, வெண்ணெய், கொத்தமல்லி, வெங்காயம், உள்ளி முதலியன சேர்ந்த கலவையில் தோய்த்து, விடிய விடிய இறைச்சியில் பூசிக்கொண்டிருப்பாராம். கைப்பக்குவத்தை இவ்வளவு நுணுக்கமாகச் சொல்லக்கூடியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருப்பர். கேட்பதற்கு ஆள் வந்தது அடிமைமுறை ஒழிந்து எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னரே.

அகழியைச் சுற்றி நிகழ்ந்தவை

எசமானர் அனுமதித்த விடுமுறை நாட்களில் அடிமைகள் தமக்காகவும் பார்பிகியூ நடத்தினர். பல தோட்டத்து மக்கள் சந்தேகத்துக்கு இடமின்றி ஒன்றுகூடக் கிடைத்த வாய்ப்பு அது. 1800ஆம் ஆண்டு ரிச்மண்ட் நகரைக் கைப்பற்றத் திட்டமிட்ட கேப்ரியல் என்ற கறுப்பினக் கொல்லர், இத்தகைய விருந்துகளிலும் கூட்டங்களிலுமே தம் ஆட்களைத் திரட்டினார். கிளர்ச்சிக்குக் குறித்த ஓகஸ்ட் 30ஆம் திகதி பெருமழை பெய்து பாலங்களை அடித்துச் சென்றது. இடையில் இரகசியமும் வெளிப்பட்டது. கேப்ரியலும் அவருடைய தோழர்களும் தூக்கிலிடப்பட்டனர்.

1831 ஓகஸ்ட் 21ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, நாட் டர்னரின் தோழர்கள் வேர்ஜீனியக் காட்டுக்குள் ஒரு குளக்கரையில் பன்றி வாட்டி உண்டபடியே இறுதித் திட்டம் வகுத்தனர். அன்றிரவு வெடித்த கிளர்ச்சி அமெரிக்க அடிமைமுறை வரலாற்றில் மிகக் குருதி சிந்திய கிளர்ச்சிகளுள் ஒன்று. அதன்பின் வேர்ஜீனியாவில் கறுப்பினத்தவர் கூடுவதற்கும் எழுதப் படிக்கக் கற்பதற்கும் எதிரான சட்டங்கள் மேலும் இறுகின.

டெக்சாசுக்கு விடுதலைச் செய்தி மிகத் தாமதமாகவே வந்தது. 1865 ஜூன் 19ஆம் திகதி கால்வெஸ்டன் துறைமுகத்தில் ஜெனரல் கோர்டன் கிரேஞ்சர் அதனை அறிவித்தார். அடுத்த ஆண்டு தொடங்கி அந்த நாளைக் கறுப்பின மக்கள் பார்பிகியூவுடன் கொண்டாடி வந்தனர். எசமானருக்காகப் புரட்டிய இறைச்சியை அன்று தமக்காகப் புரட்டினர். 2021ஆம் ஆண்டில் அந்த நாள் அமெரிக்கா முழுவதற்கும் விடுமுறையாக்கப்பட்டது.

பருத்தியும் எண்ணெயும்

மத்திய டெக்சாசில் 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியரும் செக் மக்களும் குடியேறி இறைச்சிக் கடைகள் வைத்தனர். விற்காமல் எஞ்சியதைப் புகையூட்டியும் கொத்திறைச்சிக் குழலாக்கியும் விற்றனர். லொக்கார்ட் என்ற சிற்றூரில் 1900இல் தொடங்கிய குரொயிட்ஸ் மார்க்கெட் இவ்வகையைச் சேர்ந்தது. பருத்தி பறிக்க வந்த கூலியாட்கள் இறைச்சியைக் கடதாசியில் வாங்கி, முள்ளுக்கரண்டியின்றிக் கையாலேயே உண்டனர். அவர்களுட் பலர் கறுப்பினத்தவரும் மெக்சிக்கோ வம்சாவளியினரும் ஆவர். வெள்ளையரின் உணவகங்களில் அவர்களுக்கு இடம் கிடைக்காத காலம் அது. இன்று சுற்றுலாப் பயணிகள் ஆவலோடு கடதாசியில் வைத்து உண்கிறார்களே, அந்த வழக்கம் இக்கூலியாட்களிடமிருந்து வந்ததே. 1999இல் டெக்சாஸ் பிரதிநிதிகள் சபை லொக்கார்ட்டை மாநிலத்தின் பார்பிகியூ தலைநகர் என்று அறிவித்தது.

1901 ஜனவரி 10ஆம் திகதி, போமொண்ட் நகருக்கு அருகே ஸ்பிண்டில்டொப் குன்றில் எண்ணெய் பீறிட்டது. எண்ணெய் வயல்களோடு இரும்புக் குழாய்களும் வெல்டர்களும் பெருகினர். எஞ்சிய தடித்த குழாயை வெட்டி, கதவு வைத்து, ஒரு முனையில் தீப்பெட்டியை ஒட்டினால் அகழி வெட்டும் வேலை மிச்சம். சில்லு பூட்டினால் வேண்டிய இடத்துக்கு இழுத்துச் செல்லலாம். எண்ணெய்த் தொழிலாளர் ஓய்வு நேரத்தில் செய்துகொண்ட இச்சாதனம், 1980களில் டெக்சாசிலும் ஒக்லஹோமாவிலும் விற்பனைப் பண்டமாயிற்று. 1986இல் எண்ணெய் விலை வீழ்ந்தபோது அப்பகுதிகளில் வேலையிழந்த வெல்டர்களுக்கும் குறைவில்லை.

2009இல் ஒஸ்டின் நகரில் இழுவை வண்டியொன்றில் கடை தொடங்கிய ஏரன் ஃபிராங்க்லின் 2015இல் ஜேம்ஸ் பியர்ட் விருது பெற்றார். அவர் திறமையாளர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அக்காலத்தில் சஞ்சிகைகளும் தொலைக்காட்சிகளும் பார்பிகியூ மேதைகள் என்று முன்னிறுத்தியோருள் மிகப் பலர் வெள்ளையர். தென் கரோலினாவைச் சேர்ந்த கறுப்பினச் சமையற்கலைஞர் ரொட்னி ஸ்கொட் 2018இல் அதே விருதைப் பெற்றார். 2021இல் ஏட்ரியன் மில்லர் கறுப்பினத்தவரின் பார்பிகியூ வரலாற்றைத் தனி நூலாகவே எழுதினார். விடுபட்டதைச் சேர்க்கும் வேலை இப்போதுதான் நடக்கிறது.

கோப்பிக் களத்துப் பார்பிகியூ

இனி, நான் சொல்வதாகக் குறிப்பிட்ட காரணத்துக்கு வருகிறேன்.

'பார்பிகியூ' என்ற சொல் இலங்கைக்கு இறைச்சியோடு வரவில்லை, கோப்பியோடு வந்தது. மேற்கிந்தியத் தீவான ஜமேக்காவில் கோப்பி காயவிடும் தளத்துக்கும் அச்சொல்லே வழங்கியது. தைனோ மக்களின் பரண், அங்கே தோட்டத்துரையின் உலர்த்தும் களமாகிவிட்டது. பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் 1834இல் நடைமுறைக்கு வந்தபின் மேற்கிந்தியக் கோப்பி உற்பத்தி சரிந்தது. துரைமாரின் பார்வை இலங்கை மலைநாட்டின்மீது திரும்பியது. ஜமேக்காவில் தொழில் பயின்ற ரொபர்ட் பொய்ட் டைட்லர் 1837இல் இங்கு வந்து மேற்கிந்தியப் பயிர்முறையைப் புகுத்தினார். முறையோடு சொல்லும் வந்தது. 1866இல் சபோனடியேர் எழுதிய இலங்கைக் கோப்பித் தோட்டக் கையேட்டில் பார்பிகியூ என்றால் கோப்பி காயும் தளம்.

ஜமேக்காவில் அத்தளத்தில் நின்றவர்கள் அடிமைகள். இங்கே நின்றவர்கள் தமிழகத்திலிருந்து கங்காணிமாரின் பின்னால் வந்த நம்மவர். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே நாட்கணக்கில் நடந்து கண்டி மலைகளை அடைந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே பலியானோர் ஏராளம். அடிமை என்ற பெயர் அவர்களுக்கு இல்லை. கூலி என்ற பெயர் இருந்தது. மலைத் தோட்டத்திலும் கொழும்புக் கோப்பிப் பண்டசாலைகளிலும் வெயிலில் காய்ந்த கொட்டையைப் புரட்டவும் பொறுக்கவும் பெண்கள் நின்றனர். 1869இல் தோன்றிய இலைநோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பியை அழித்தது, தேயிலை வந்தது. களங்கள் மறைந்தன, சொல்லும் மறைந்தது. பின்னர் உல்லாச விடுதிகளின் உணவுப் பட்டியலில் அது வேறு பொருளோடு திரும்பி வந்தபோது, முன்னர் ஒருமுறை வந்து போன சொல் என்பதை எவரும் நினைக்கவில்லை.

நான் இளம் பத்திரிகையாளனாக இருந்த காலத்தில், கோப்பி யுகத்தைப் பற்றி ஞாயிறு மலர் ஒன்றில் முழுப்பக்கக் கட்டுரை எழுதினேன். டைட்லர் முதலான துரைமாரின் பெயர்களை வரிசையாக எழுதினேன். ஏக்கர் கணக்கும் ஏற்றுமதிக் கணக்கும் தந்தேன். பலரும் பாராட்டினர். ஒரு வாரம் கழித்து, மலைநாட்டிலிருந்து ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர் ஒருவரின் கடிதம் வந்தது. அதில் ஒரே ஒரு கேள்வி: அத்தனை துரைமாரின் பெயர் தெரிந்த உங்களுக்கு, களத்தில் கோப்பி புரட்டிய ஒரு பெண்ணின் பெயராவது தெரியவில்லையா?

நான் பதில் எழுதவில்லை. வேலைப் பளு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று. பதில் என்னிடம் இருக்கவில்லை. அதைத் தேடிப் போகவும் இல்லை. அக்காலத்தில் தோட்டங்களில் தொண்ணூறு வயதைத் தாண்டிய முதியவர்கள் இருந்தனர். தங்கள் தாயும் பாட்டியும் சொன்ன கதைகளை அவர்கள் அறிந்திருப்பர். ஒரு பேருந்துச் சீட்டும் ஒரு குறிப்பேடும் போதுமாயிருந்தன. இன்று அவர்களில் ஒருவரும் இல்லை.

பீப்பாயில் பொறித்த எழுத்துகள்

அன்று பின்னேரம் நான்கு மணிக்கு ஆட்டுத் தொடை பதமாயிற்று. எலும்பைப் பிடித்து இழுத்ததும் தசையிலிருந்து கழன்று வந்தது. மருமகன் அயலவரான கறுப்பின முதியவர் ஒருவரையும் அழைத்திருந்தான். எண்ணெய் வயலில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். அந்தப் பீப்பாயைச் செய்து விற்றவரும் அவரே. தீப்பெட்டியின் கதவில் இரண்டு ஆங்கில எழுத்துகள் வெல்டிங்கினால் பொறிக்கப்பட்டிருந்ததை நான் காலையிலேயே கவனித்திருந்தேன். அவருடைய பெயரின் முதலெழுத்துகளா என்று கேட்டேன்.

இல்லை என்றார். அவை அவருடைய பாட்டனாரின் பெயரின் முதலெழுத்துகள். ஜூன் 19 கொண்டாட்டங்களில் அகழி வெட்டி ஊருக்கே சமைத்தவராம் அவர். அவருடைய பெயர் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை. ஆகவே தாம் செய்யும் ஒவ்வொரு பீப்பாயிலும் அதைப் பொறித்துவிடுவதாகச் சொன்னார். பிறகு தட்டை நீட்டி இன்னும் சிறிது இறைச்சி கேட்டார்.

கொழும்பு திரும்பியதும் பழைய கோப்புகளைக் கிளறி அந்த ஆசிரியரின் கடிதத்தைத் தேடி எடுத்தேன். மை மங்கியிருந்தது, விலாசம் படிக்கக்கூடியதாக இருந்தது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஆயினும் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பத்திரிகைத் தொழிலுக்கு அழகன்று. அவர் கேட்ட பெயர் இன்றும் என்னிடம் இல்லை. அதைத் தேடாமல் விட்டவன் நான் என்பதை ஒப்புக்கொண்டு, இக்கட்டுரையை அவருக்கான பதிலாக எழுதியிருக்கிறேன்.

இதை வாசிப்போர் எவரேனும் வீட்டில் முதியவர்களோடு வாழ்ந்தால், அடுப்படியிலும் களத்திலும் குடிலிலும் நின்றவர்களின் பெயர்களை அவர்களிடம் இன்றே கேட்டு எழுதி வையுங்கள்.